நீண்ட போர்ல ராணுவ பலமும் ஜனங்க மனசும்: வியட்நாம வச்சு ஒரு எளிய விளக்கம்

எந்த நாட்டுல போர் ஆரம்பிச்சாலும் மறுநாளே யூடியூப்ல ஒரு ஒப்பீட்டு வீடியோ வந்துடும், இவங்ககிட்ட இத்தன டேங்க், அவங்ககிட்ட இத்தன போர் விமானம், இவங்க ராணுவம் இத்தன லட்சம், அவங்களது அதுல பாதிதான், அதனால ரெண்டு வாரத்துல கத முடிஞ்சுடும்னு. நிஜமாவே ரெண்டு வாரத்துல முடிஞ்சா அந்த கணக்கு ஓரளவு சரியா வரும். முடியாம வருஷக்கணக்கா இழுத்துச்சுன்னா இன்னொரு கணக்கும் உள்ள வந்துடும், சண்ட போடுற நாட்டோட சொந்த ஜனங்க என்ன நெனைக்கிறாங்கங்குற கணக்கு. இந்த ரெண்டும் தனித்தனியா ஓடுறதில்ல, ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டே போகும். இத புரிஞ்சுக்கணும்னா வியட்நாம் போர்தான் நல்ல உதாரணம்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா அந்த போர்ல அமெரிக்கா கண்ணுல பட்டத எல்லாம் எண்ணுச்சு, எண்ணுனத எழுதி வச்சுச்சு, அந்த ரகசிய பேப்பர்கள்ல நெறைய பின்னாடி வெளியவும் வந்துடுச்சு.

பின்னணிய சுருக்கமா சொல்லிடுறேன். 1954ல ஜெனீவா ஒப்பந்தத்துக்கு அப்புறம் வியட்நாம் ரெண்டா நின்னுச்சு, வடக்க ஹனோய்ல கம்யூனிஸ்ட் அரசு, தெக்க சைகோன்ல அமெரிக்கா ஆதரிச்ச அரசு. தெற்குக்குள்ளயே அந்த அரசுக்கு எதிரா கெரில்லா சண்ட, அதுக்கு வடக்கோட உதவி. 1964 ஆகஸ்ட்ல டோங்கின் வளைகுடாவுல அமெரிக்க கப்பல்கள ரெண்டு தடவ தாக்கிட்டாங்கன்னு சொல்லி அதிபர் ஜான்சன் நாடாளுமன்றத்துல அதிகாரம் கேட்டாரு, செனட்ல 88க்கு 2, கீழ்சபைல 416க்கு 0. அந்த ரெண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லங்குறது பின்னாடிதான் தெளிவாச்சு. 1965 மார்ச் 8 அன்னிக்கு சுமார் 3,500 மெரின் வீரர்கள் டா நாங் கடற்கரைல இறங்குனாங்க. அந்த வருஷ கடைசில 1,84,000, 1967 கடைசில 4,85,000, 1969 ஏப்ரல்ல உச்சமா 5,43,000 பேர்.

இப்ப அந்த 5,43,000ங்குற நம்பர கொஞ்சம் கிட்ட போய் பாருங்க. இத்தன பேரும் துப்பாக்கிய தூக்கிட்டு காட்டுக்குள்ள போனவங்கன்னுதான் நம்ம மனசு எடுத்துக்கும். ஆனா இதுல பெரும்பகுதி டிரைவர், மெக்கானிக், சமையல்காரர், கிளார்க், ரேடியோ ஆபரேட்டர், ஆஸ்பத்திரி ஆளுங்க, கிடங்கு பாக்குறவங்க. சைகோன் பக்கத்துல லாங் பின்னு ஒரு முகாம் இருந்துச்சு, அது ஒண்ணுலயே சுமார் அரை லட்சம் பேர், உள்ள நீச்சல் குளம், கிளப்புன்னு ஒரு டவுன் மாதிரியே ஓடுச்சு. இவங்க யாரும் வீண் இல்ல, ஏழு கடல் தாண்டி சண்ட போடுற நவீன ராணுவம் இவங்க இல்லாம ஒரு நாள் நகராது. ஆனா நேரா எதிரிய எதிர்கொண்டவங்க மொத்தத்துல ஒரு சின்ன பங்குதான். அதுலயும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு வருஷம்தான் டூட்டி, காடு பழகி, சத்தம் பழகி, எங்க கண்ணிவெடி இருக்கும்னு மூக்குலயே தெரியுற நேரத்துல வீட்டுக்கு கெளம்பிடுவாரு, அவர் இடத்துக்கு ஒண்ணும் தெரியாத புதுப்பையன் வருவான். எதிர்ப்பக்கம் இருக்குறவனுக்கு இந்த மாதிரி ரிட்டர்ன் டிக்கெட் கிடையாது, அவனுக்கு போர் முடிஞ்சாத்தான் வீடு.

சரி, இது அமெரிக்கா தன் பக்கத்த எண்ணுறது. எதிரிய எப்பிடி எண்ணுறது? இங்கதான் விஷயமே இருக்கு, இத விளக்கமா சொல்லணும்.

1967ல அமெரிக்க ராணுவத்துக்கும் அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவுக்கும் நடுவுல ஒரு பெரிய தகராறு ஓடுச்சு. தெக்கு வியட்நாமுக்குள்ள எதிரி மொத்தம் எத்தன பேர்? சைகோன்ல இருந்த ராணுவ தலைமை, ஜெனரல் வெஸ்ட்மோர்லாண்டோட ஆபீஸ், மூணு லட்சத்துக்கு கீழனு சொல்லுச்சு. சிஐஏல சாம் ஆடம்ஸ்னு ஒரு ஆய்வாளர், எதிரிகிட்ட பிடிச்ச ஆவணங்கள படிச்சு படிச்சு அஞ்சு, ஆறு லட்சம் இருக்கும்னு சொன்னாரு. ரெண்டு பேர் கணக்குக்கும் இவ்ளோ வித்தியாசம் வரக் காரணம் ஊர்க்காவல் ஆளுங்க. சீருட கிடையாது, பலருக்கு துப்பாக்கி கூட கிடையாது, கிராமத்துல இருக்குற வயசானவங்க, பொம்பளைங்க, சின்ன பசங்க. பகல்ல வயல் வேல, ராத்திரி குழி வெட்டி மூங்கில் முள்ளு நடுறது, கண்ணிவெடி வைக்கிறது, சாப்பாடு கொண்டு போறது, யார் எந்த பக்கம் போறாங்கன்னு தகவல் சொல்றது. இவங்கள படைன்னு எண்ணலாமா வேண்டாமா? ராணுவம் வேண்டாம்னுச்சு, இவங்களால படையெடுத்து வர முடியாதுன்னு. ஆடம்ஸ் எண்ணித்தான் ஆகணும்னாரு, ஏன்னா அமெரிக்க பசங்க கால் போறதுக்கு பெரிய காரணமே இவங்க வைக்கிற வெடிதான்னு.

இந்த வாதம் ரெண்டு பக்கமும் யோசிக்க வேண்டிய வாதம்தான், எது படைங்குறதுக்கு ஒரே பதில் கிடையாது. ஆனா அது எப்பிடி முடிஞ்சதுங்குறதுதான் எனக்கு இன்னிக்கும் கோவம் வர வைக்கிற இடம். 1967 ஆகஸ்ட்ல சைகோன்ல இருந்து வாஷிங்டனுக்கு ஒரு ரகசிய தந்தி போகுது, வெஸ்ட்மோர்லாண்டுக்கு அடுத்த இடத்துல இருந்த ஜெனரல் ஆப்ரம்ஸ் பேர்ல. நாம இத்தன மாசமா ஜெயிச்சுட்டு வர்றோம்னு ஒரு தோற்றத்த காட்டிட்டு வர்றோம், இப்ப திடீர்னு கூடுதல் நம்பர வெளிய விட்டா பத்திரிகைக்காரங்க எதிரி படை பெருகிடுச்சுன்னு தப்பா முடிவு கட்டிடுவாங்க, நாம எத்தன விளக்கம் குடுத்தாலும் எடுபடாதுன்னு அதோட சாரம். அதாவது எதிரி எத்தன பேர்ங்குற கேள்விக்கு பதில் காட்டுல இருந்து வரல, ஊர்ல ஜனங்க என்ன நெனைப்பாங்கங்குற பயத்துல இருந்து வந்துச்சு. செப்டம்பர்ல சிஐஏ தலைமையும் இறங்கி வந்துடுச்சு, ஊர்க்காவல் ஆளுங்கள லிஸ்ட்ல இருந்து எடுத்தாங்க, மூணு லட்சத்துக்கு கீழ நம்பர் நின்னுச்சு. பலத்த பாத்து ஜனங்க கருத்து உருவாகும்னு நாம சாதாரணமா நெனைக்கிறோம், இங்க ஜனங்க கருத்துக்காக பலமே மாத்தி எண்ணப்பட்டுச்சு.

இதோட சேர்ந்ததுதான் பாடி கவுன்ட். சாதாரண போர்ல முன்னேற்றத்த மேப்ல பாக்கலாம், இந்த ஊர பிடிச்சோம், அந்த ஆத்த தாண்டுனோம்னு. வியட்நாம்ல முன்வரிசையே கிடையாது, இன்னிக்கு பிடிச்ச குன்ற நாளைக்கு விட்டுட்டு வரணும். அதனால எத்தன எதிரி செத்தான்னு எண்ணி அதயே முன்னேற்றத்துக்கு அளவா வச்சாங்க. அவங்க புதுசா ஆள் சேர்க்குற வேகத்த விட நாம கொல்லுற வேகம் கூடிட்டா ஒரு கட்டத்துல படை கரைஞ்சுடும்ங்குறது திட்டம். கேக்க சரியா இருக்குற மாதிரிதான் தெரியும். ஆனா வடக்குல வருஷத்துக்கு சுமார் ரெண்டு லட்சம் பசங்க படைக்கு போற வயச தொட்டுக்கிட்டு இருந்தாங்க. இன்னொண்ணு, சண்ட எப்ப எங்க நடக்கணும்னு பெரும்பாலும் முடிவு பண்ணது எதிரிதான், அமெரிக்க பாதுகாப்புத்துறை, அதாவது பென்டகனோட சொந்த ஆய்வே அத சொல்லுச்சு. ரொம்ப அடி விழுந்தா அவங்க லாவோஸ், கம்போடியா எல்லைக்கு அந்தப்பக்கம் போய் உக்காந்துக்குவாங்க, தெம்பு வந்ததும் திரும்புவாங்க, அப்ப அவங்க இழப்போட வேகம் அவங்க கைலயே இருந்துச்சு. இதுக்கு மேல, பிரமோஷனே பாடி கவுன்ட்ட பாத்துதான்னு ஆனப்புறம் கீழ இருக்குற ஆபீசர் எத எழுதுவாரு? செத்தது கெரில்லாவா, வயல்ல நின்ன விவசாயியாங்குறது ரேடியோல சொல்லும்போதே கரைஞ்சு போயிடும். போர் முடிஞ்சப்புறம் அங்க வேல பாத்த ஜெனரல்கள்கிட்ட சர்வே எடுத்தப்ப பாதிக்கு மேல அந்த எண்ணிக்க ஊதிப்பெருக்குனதுன்னு ஒத்துக்கிட்டாங்க.

இப்ப ஜனங்க பக்கம் வருவோம். கருத்துக்கணிப்பு எடுக்குற காலப் நிறுவனம் அந்த போர் முழுக்க ஒரே கேள்விய திரும்ப திரும்ப கேட்டுச்சு, இதுவரைக்கும் நடந்தத பாக்கும்போது வியட்நாமுக்கு படை அனுப்புனது தப்புன்னு நெனைக்கிறீங்களான்னு. 1965 ஆகஸ்ட்ல தப்புன்னவங்க 24 சதவீதம். 1967 அக்டோபர்ல 47, அப்ப தப்பில்லன்னவங்க 44, முதல் தடவயா தராசு அந்தப்பக்கம் சாஞ்சுது. 1968 ஆகஸ்ட்ல 53. 1971 மே மாசத்துல 61. ஒரே வார்த்தைல ஒரே கேள்விய வருஷக்கணக்கா கேட்டதுதான் இதோட மதிப்பு, கேள்விய கொஞ்சம் மாத்துனா பதிலும் மாறிடும், ரெண்டு வேற கேள்வியோட சதவீதத்த பக்கத்துல பக்கத்துல வச்சு மனசு மாறிடுச்சுன்னு எழுதுறது இன்னிக்கும் தினம் நடக்குற தப்பு.

ஆதரவு ஏன் குறையுது? ஜான் முல்லர்னு ஒரு அரசியல் அறிவியல் பேராசிரியர் கொரியா போர், வியட்நாம் போர் ரெண்டயும் வச்சு ஒரு விளக்கம் சொன்னாரு. சாவு கூட கூட ஆதரவு குறையும், ஆனா ஒரே சீரா குறையாது. இழப்பு நூறுல இருந்து ஆயிரம் ஆகும்போது எத்தன புள்ளி விழுதோ, கிட்டத்தட்ட அதே அளவு விழணும்னா அடுத்து அது பத்தாயிரம் ஆகணும். பெட்ரோல் விலை முதல் தடவ நூறு ரூபாய தாண்டுனப்ப ஊரே பேசுச்சு, அப்புறம் ரெண்டு ரூபா ஏறுனா யாரும் கண்டுக்கலையே, அந்த மாதிரி. ஆரம்பத்துல அர மனசோட ஆதரிச்சவங்க சீக்கிரமே விலகிடுறாங்க, மிச்சம் நிக்கிறவங்க கெட்டியா நிக்கிறவங்க.

ஆனா சாவு எண்ணிக்க மட்டும் பதில் இல்லன்னு பின்னாடி வந்தவங்க வாதாடுனாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது. இழப்ப ஜனங்க தாங்குவாங்க, ஜெயிப்போம்ங்குற நம்பிக்க இருக்குற வரைக்கும். சொன்னதுக்கும் கண்ணால பாக்குறதுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி ஒரு அளவ தாண்டுனாதான் விஷயம் கைமீறும். அத காட்டுற சம்பவம் டெட் தாக்குதல்.

1967 நவம்பர்ல ஜான்சன் வெஸ்ட்மோர்லாண்ட ஊருக்கு வரவழைச்சு பேச வச்சாரு. வாஷிங்டன் பிரஸ் கிளப்ல அவர், முடிவு கண்ணுக்கு தெரிய ஆரம்பிச்சிருக்குன்னு பேசுனாரு. ரெண்டே மாசம், 1968 ஜனவரி கடைசி, வியட்நாமோட புத்தாண்டு டெட். ரெண்டு பக்கமும் சண்ட நிறுத்தம்னு சொல்லி பாதி தெக்கு ராணுவம் லீவுல ஊருக்கு போயிருந்த நேரம். வடக்கு படையும் கெரில்லாக்களும் சேர்ந்து எண்பதாயிரம் பேருக்கு மேல ஒரே சமயத்துல நூறுக்கும் மேல நகரங்கள்ல பாஞ்சாங்க, 44 மாகாண தலைநகர்ல 36ல சண்ட. சைகோன் நடுவுல இருந்த அமெரிக்க தூதரகத்தோட மதில்ல ஓட்ட போட்டு 19 பேர் உள்ள வந்துட்டாங்க, விடியுற வரைக்கும் சண்ட, புல்தரைல பிணங்கள், அதெல்லாம் டிவில அமெரிக்க வீடுகளுக்குள்ள வந்துச்சு. ஹுவே நகரத்த திரும்ப பிடிக்க மூணு வாரத்துக்கு மேல ஆச்சு, அங்க கம்யூனிஸ்ட்கள் நகரத்த வச்சிருந்த நாட்கள்ல ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்கள கொன்னு புதைச்சதும் பின்னாடி தெரிஞ்சுது.

ராணுவ கணக்குல பாத்தா டெட் வடக்குக்கு பெரிய தோல்வி. தெக்கு ஜனங்க எல்லாம் எழுந்து சேர்ந்துக்குவாங்கன்னு அவங்க போட்ட கணக்கு நடக்கவே இல்ல, பிடிச்ச நகரம் எல்லாம் கைவிட்டு போச்சு, பத்தாயிரக்கணக்குல ஆளுங்க செத்தாங்க. ஆனா அமெரிக்காவுல இருக்குறவர் கேட்ட கேள்வி வேற, கரைஞ்சுட்டு இருக்குன்னு சொன்ன படை எப்பிடி ஒரே ராத்திரில நூறு ஊர்ல வந்து நிக்குது?

இங்க ஒரு விஷயத்த கவனிக்கணும், ஏன்னா பொதுவா சொல்ற கதைல இது விட்டுப்போகும். டெட் நடந்த உடனே ஜனங்க சமாதானம் வேணும்னு திரும்பல. தன்னை பருந்துன்னு, அதாவது இன்னும் கடுமையா அடிக்கணும்னு சொன்னவங்க பிப்ரவரி ஆரம்பத்துல 61 சதவீதம், புறான்னு, அதாவது போர குறைக்கணும்னு சொன்னவங்க 23. அடிச்சா திருப்பி அடிங்கடாங்குற கோவம் அது. மார்ச் நடுவுல பாத்தா 41க்கு 42. ஆறு வாரத்துல இவ்ளோ மாற்றம் எங்க இருந்து வந்துச்சு? டிவில செய்தி வாசிக்கிற வால்டர் கிரான்கைட் பிப்ரவரி 27 அன்னிக்கு இந்த போர் முட்டுச்சந்துல நிக்குதுன்னு சொன்னதத்தான் எல்லாரும் காரணமா காட்டுவாங்க, அது ஒரு பங்குதான். அரசுகிட்ட இருந்து தெளிவா ஒரு வார்த்த வரல, அதுதான் பெருசு. அதுக்கு நடுவுல மார்ச் 10 அன்னிக்கு நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டுச்சு, ராணுவம் இன்னும் 2,06,000 பேர் கேக்குதுன்னு. ஜெயிச்சாச்சுன்னா எதுக்கு இன்னும் ரெண்டு லட்சம்? அந்த ஒரே நம்பர் அத்தன விளக்கத்தயும் அடிச்சுப் போட்டுடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு நியூ ஹாம்ப்ஷயர் முதல்கட்ட தேர்தல்ல, அதாவது கட்சி தன் அதிபர் வேட்பாளர தேர்ந்தெடுக்குற தேர்தல்ல, போர எதிர்த்து நின்ன ஜான்சனோட சொந்த கட்சிக்காரர் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கிட்டாரு, ஜான்சனுக்கு 49தான். மார்ச் 31 அன்னிக்கு நான் மறுபடி நிக்கலன்னு ஜான்சன் அறிவிச்சுட்டாரு.

அந்த மெக்கார்த்தி ஓட்டுலயும் ஒரு பாடம் இருக்கு. அவருக்கு போட்டவங்கள ஆய்வு பண்ணி பாத்தப்ப, நெறைய பேர் போர நிறுத்துங்கன்னு போடல, ஜான்சன் ஒழுங்கா அடிக்கலங்குற கோவத்துல போட்டிருக்காங்க. தப்புன்னு சொல்ற 47 சதவீதத்துக்குள்ள, போனதே பாவம்ங்குறவங்களும் இருக்காங்க, போனா முழு பலத்தோட போயிருக்கணும்ங்குறவங்களும் இருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே பெட்டில டிக் அடிச்சிருக்காங்க. இத மொத்தமா போர் எதிர்ப்புன்னு படிச்சா தப்பாயிடும்.

அதே மாதிரி காலேஜ் பசங்கதான் போர எதிர்த்தாங்க, பெருசுங்க ஆதரிச்சாங்கன்னு ஒரு படம் நம்ம தலைல இருக்கு. கருத்துக்கணிப்பு சொல்றது தலைகீழ், முப்பது வயசுக்கு கீழ இருந்தவங்ககிட்டதான் போர் ஆதரவு கொஞ்சம் கூடவே இருந்துச்சு. தெருவுல சத்தம் போட்டவங்க வேற, எண்ணிக்கைல இருந்தவங்க வேற. 1970 மே 4ல கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல போர் எதிர்ப்பு போராட்டத்துல தேசிய காவல்படை சுட்டு நாலு மாணவர்கள் செத்தாங்க, அதுக்கப்புறம் எடுத்த கணிப்புல 58 சதவீதம் பேர் மாணவர்கள் மேலதான் தப்புன்னாங்க, காவல்படை மேலன்னவங்க 11தான். போர் தப்புன்னு நெனைக்கிற ஜனங்களே போர எதிர்த்து ஊர்வலம் போறவங்கள வெறுத்தாங்க, ஜான்சனுக்கு அப்புறம் அதிபரான நிக்சன் அத நல்லா புரிஞ்சுக்கிட்டுதான் 1969 நவம்பர்ல மௌனமான பெரும்பான்மைன்னு பேசுனாரு.

எண்ணிக்கைக்கு முகம் வந்தா என்ன ஆகும்ங்குறதுக்கு ஒண்ணு சொல்லணும். 1969 ஜூன் கடைசில லைஃப் பத்திரிகை ஒரு இதழ் போட்டுச்சு, ஒரு வாரத்துல செத்தவங்கன்னு அறிவிச்ச 242 பேர்ல பெரும்பாலானவங்களோட போட்டோ, பக்கம் பக்கமா, ஸ்கூல் ஆண்டுமலர்ல வர்ற மாதிரி. பல போட்டோ நிஜமாவே ஸ்கூல்ல எடுத்ததுதான், கோட்டு போட்டு சிரிக்கிற பசங்க. கீழ பேர், வயசு, படைப்பிரிவு, பதவி, ஊர், அவ்ளோதான். 19, 20, 21ன்னு வயசு போய்க்கிட்டே இருக்கும். வாராவாரம் டிவில நம்பரா கேட்டுப் பழகுன நாடு அது. அந்த பக்கங்கள இன்னிக்கு இணையத்துல பாத்தாலும் வேகமா தள்ளிட்டு போக கை வராது.

கட்டாய ஆள்சேர்ப்பும் இதுல பெரிய பங்கு. காலேஜ் படிச்சா தள்ளிவைப்பு உண்டு, அதனால பாரம் ஏழப்பசங்க தலைல கூடுதலா விழுந்துச்சு. 1969 டிசம்பர் 1ல டிவி முன்னாடி ஒரு கண்ணாடி ஜாடில இருந்து 366 நீல கேப்சூல்கள எடுத்து பிறந்த தேதி வச்சு குலுக்கல் போட்டாங்க, முதல்ல வந்தது செப்டம்பர் 14. அந்த தேதில பிறந்த பையனோட அம்மாவுக்கு அதுக்கு மேல வியட்நாம் ஏதோ தூர தேசத்து செய்தியா இருந்திருக்குமா? நிக்சன் இத உணர்ந்து அமெரிக்க படைய படிப்படியா குறைச்சாரு, தெக்கு வியட்நாம் ராணுவத்த முன்னாடி தள்ளுனாரு, 1973ல ஆள்சேர்ப்பே நின்னுச்சு. குண்டு வீச்சு நிக்கல, வியட்நாம்காரங்க சாவு நிக்கல, ஆனா அமெரிக்க தெருவுல சத்தம் குறைஞ்சுது. இத மறக்காம மனசுல வச்சுக்கணும், ஜனங்க கருத்துன்னு நாம அளக்குறது பெரும்பாலும் தன் வீட்டு சாவ பத்தின கருத்துதான்.

அப்ப தெக்கு வியட்நாம் ஜனங்க கருத்து? அதயும் அமெரிக்கா எண்ணப் பாத்துச்சு. 1967ல இருந்து பன்னெண்டாயிரத்துக்கும் மேல குக்கிராமங்களுக்கு அரசு பக்கம் எவ்ளோ இருக்குன்னு மாசாமாசம் ஏ, பி, சி, டி, ஈன்னு கிரேடு போட்டு கம்ப்யூட்டர்ல ஏத்துனாங்க. கிரேடு போட்டது அந்தந்த பகுதி அமெரிக்க ஆலோசகர், பலருக்கு அந்த ஜனங்க பேசுற மொழியே சரியா தெரியாது. மேப்ல பச்ச, அதாவது அரசு பக்கம்னு காட்டுன இடம், கூடிக்கிட்டே வந்துச்சு. தெக்கு ராணுவமும் பேப்பர்ல பத்து லட்சத்த தாண்டிடுச்சு. அதுல வருஷத்துக்கு லட்சம் பேருக்கு மேல ஓடிப்போனவங்க, செத்தவங்க பேர்ல சம்பளம் வாங்குற தளபதிங்க, காசு குடுத்துட்டு ஊர்ல கட வச்சிருக்குற சிப்பாய்ங்க. 1975 மார்ச்ல வடக்கு தாக்குதல ஆரம்பிச்சப்ப ஐம்பத்தஞ்சு நாள்ல எல்லாம் சரிஞ்சுது, சில பிரிவுகள் சுவான் லோக் மாதிரி இடத்துல கடைசி வரைக்கும் வீரமா நின்னாங்க, அதயும் சொல்லணும், ஆனா மொத்தமா படை கலைஞ்சு போச்சு. ஏப்ரல் 30 சைகோன் விழுந்துச்சு.

ஜெயிச்ச பக்கத்துல கருத்துக்கணிப்பே கிடையாது. ஹனோய்ல எந்த அம்மாகிட்டயும் இந்த போர் தப்பான்னு யாரும் வந்து கேக்கல, கேட்டாலும் பதில் சொல்ற சூழ்நில இல்ல. அமெரிக்கா இழந்தது 58,220 பேர். ஜெயிச்ச பக்கத்து இழப்ப வியட்நாம் அரசு போர் முடிஞ்சு இருபது வருஷம் கழிச்சு 1995லதான் வெளிய சொல்லுச்சு, போராளிகள் மட்டும் 11 லட்சம், பொதுமக்கள் ரெண்டு பக்கமும் சேர்த்து 20 லட்சம்.